பாலம்மாவின் நாக்கு

இலுப்பைக்கடவைப் பக்கம் யாராவது புதுக் கிணறு வெட்டினால் முதல் வாய்த் தண்ணீர் பாலம்மாவுக்குத்தான். சாமிக்குப் படைப்பதெல்லாம் அதற்குப் பிறகு. கிணற்றுக்காரர் ஒரு பேணியில் அள்ளி நீட்டுவார். பாலம்மா சீலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துவிட்டு, ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டிப் பார்ப்பாள். விழுங்கினால் நல்ல தண்ணீர். துப்பினால் கிணற்றுக்காரரின் முகம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

இந்த மரியாதை கன்னத்தில் விழுந்த ஓர் அறையில் தொடங்கியது. எண்பத்துமூன்று கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த உடுப்போடு ஓடிவந்த சனங்களில் அவளும் ஒருத்தி. வயது எட்டு. அங்கே லய வீடுகளுக்குப் பின்னால் பீலி இருந்தது. பாறையிலிருந்து மூங்கில் வழியாக நாள் முழுக்கக் கொட்டும். அதைக் குடித்து வளர்ந்த வாய், இங்கே முதல் கிணற்றில் முதல் மிடறை வைத்ததும் துப்பிவிட்டது. கிணற்றுக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். "மலைநாட்டாருக்கு எங்கட தண்ணி இறங்காதாமோ?" என்று கேட்டாள். அவமானம் தாங்காமல் அப்பன் ஒரு அறை விட்டான். அடி வாங்கியது பிள்ளை, பேர் வாங்கியது நாக்கு. உப்பைக் கண்டுபிடிக்கிற பிள்ளை என்று அடுத்த வருடமே ஒருவர் தன் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் என்னென்னவோ வந்து போயின. வயலில் களை பிடுங்கினாள். சின்னராசாவைக் கட்டினாள்; அவனும் மலையிலிருந்து வந்தவன்தான். இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றுக் கட்டிக்கொடுத்தாள். போர் துரத்திய இடமெல்லாம் ஓடி, முகாமில் கிடந்து, மறுபடி இதே காணிக்கு வந்து சேர்ந்தாள். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் ஊர் அவளை "மலைநாட்டு அக்கா" என்றுதான் கூப்பிடுகிறது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பெயருக்குப் பதில் அதுதான் வாயில் வருகிறது, அவ்வளவே. அவளும் சிரித்துக்கொண்டே திரும்புவாள். ஆனால் ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஒரு சின்ன முள் குத்தும். அப்போதெல்லாம் நாக்கை நினைத்துக்கொள்வாள். மலைநாட்டாளாக இருப்பதில் அவளுக்கு மிஞ்சிய ஒரே லாபம் அந்த நாக்குத்தான்.

போன வருடம் தை மாதம், கடற்கரையை ஒட்டிய பாலை மரக் காட்டுக்குள் கட்டட வேலை ஒன்று தொடங்கியது. சுவிஸில் இருக்கும் ஒரு முதலாளி, யோகா செய்ய வருகிறவர்கள் தங்குவதற்கு எட்டுக் குடில்களும் ஒரு பெரிய மண்டபமும் கட்டுகிறார் என்றார்கள். மூச்சை இழுத்து விடுவதற்கு ஆட்கள் பிளேன் ஏறி வருவார்களாம். ஊர் உடனே அதற்கு "மூச்சு மடம்" என்று பெயர் வைத்துவிட்டது. சீமெந்தை அங்கே கண்ணில் காட்டக்கூடாது. குளத்து மண்ணையும் வைக்கோலையும் ஆற்று மணலையும் குழைத்து, வெயிலில் காயவைத்த மண்கல்லால் முழங்கை நீளத் தடிப்பில் சுவர். பனை வளையில் பனையோலைக் கூரை. பங்கா கிடையாது, சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் வருமோ அந்தப் பக்கம் பார்த்து யன்னல். குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் போகும். ஒரு மரமும் வெட்டவில்லை. மண்டபத்துக்கு நடுவில் நின்ற பாலை மரத்துக்கு மண்டபமே வளைந்து கொடுத்தது.

இதையெல்லாம் வரைந்தவள் ஜெயந்தினி என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மாதத்தில் இரண்டு தடவை வருவாள். வரும்போது தனக்கான சாப்பாட்டையும் தண்ணீர்ப் போத்தல்களையும் அவளே கொண்டுவந்துவிடுவாள். மேசன் பாயிஸ், உப்புக்குளத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் வருகிறவன்; மேசன்மாரை இங்கே கூப்பிடுவதுபோல அவனையும் 'பாஸ்' என்பார்கள். அவன் கையில் சுவர் நூல் பிடித்தாற்போல் ஏறும். முதலாளிக்காக எல்லாவற்றையும் மேற்பார்க்கிறவர் ரொபின்சன். காலில் சேறு படாமல் வேலைத்தளத்தைச் சுற்றிவரத் தெரிந்த மனுசன். பாலம்மாவுக்குத் தண்ணீர் வேலை. காணிக் கிணற்றிலிருந்து அள்ளி, மண் குழைக்கிற தொட்டியில் ஊற்ற வேண்டும்.

முதல் நாள் ஜெயந்தினி பேனை மாதிரி ஒரு உப்பு மீற்றரைக் கிணற்று வாளிக்குள் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். மழை முடிந்த நேரம்; கிணறு நிரம்பிக் கிடந்தது.

"இப்ப நல்லாத்தான் இருக்கு அக்கா. வெயில் ஏற ஏற, இறைக்க இறைக்க, கடல் உள்ளுக்க வரப் பார்க்கும். ஒவ்வொரு நாளும் காலமை ஒரு வாய் குடிச்சுப் பாருங்கோ. கொஞ்சம் உப்பு ஏறினாலும் உடன சொல்லிப்போடுங்கோ. மண் சுவருக்கு உப்புத்தான் யமன்."

"அந்தக் குச்சிய நீங்கள் பைக்குள்ள வையுங்கோ மிஸ்," என்றாள் பாலம்மா. "என்ட நாக்கு இருக்குத்தானே."

ஜெயந்தினி சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறாமல் பாலம்மா காலையில் கிணற்றடியில் நின்று கண்ணை மூடினாள். ஒவ்வொரு நாளும் விழுங்கினாள். அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. அதைக் கவனித்த பாயிஸ், ஒருவரும் கேட்காமலே மிஞ்சின மண்கல்லால் கிணற்றடியில் இரண்டு படி கட்டிக் கொடுத்தான். நோன்பு மாதத்தில், தொண்டை காய்ந்த நிலையிலும், அவள் தண்ணீர்ப் பீப்பாவுக்கு ஓலை மறைப்புப் போட்டவன் அவன். இந்தப் பரிவையெல்லாம் பாலம்மா ஒருவருக்கும் சொல்லவில்லை, மனதில் வைத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. சோளகம் மண்ணை வாரி அடித்தது. ஒரு வியாழக்கிழமை காலை பார்த்தால், முதல் மூன்று குடில்களின் சுவரிலும் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெள்ளை பூத்திருந்தது. முதுகு வேர்த்து வேலை செய்தவனின் சேட்டில் காய்கிற கோடு மாதிரி. ரொபின்சன் ஆணியால் சுரண்டினார். பூச்சு பிட்டு மாதிரி உதிர்ந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு!" என்றார். "பாஸ், கடல் மணலோ அடிச்சது?"

இந்தக் கரையில் ஒரு மேசனைப் பார்த்து இதைக் கேட்பது, பால்காரனைப் பார்த்துத் தண்ணீர் கலந்தாயா என்று கேட்பதுபோல. பாயிஸின் கை சாந்துக் கரண்டியோடு அப்படியே நின்றது.

"அல்லாவறிய இல்ல. ஆத்து மணல். நானே லொறியில ஏறி நிண்டு ஏத்தினது."

"நீர் ஏத்தினதை ஆர் கண்டது?"

அன்று ஜெயந்தினி வந்திருந்தாள். அவள் குனிந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் உடம்பில் கொப்புளம் கண்டவள் மாதிரி அவள் முகம் இருந்தது. பிறகு நிமிர்ந்து பாலம்மாவைத் தேடினாள்.

"அக்கா, தண்ணியில ஏதும் மாற்றம் இருந்ததோ?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலம்மா கொஞ்சமும் தயங்கவில்லை.

"இல்ல மிஸ். தை மாசம் குடிச்ச அதே தண்ணி. என்ட நாக்கு பொய் சொல்லாது."

அவ்வளவுதான். தண்ணீர் இல்லையென்றால் மணல்தான். மணல் என்றால் பாயிஸ்தான். அவன் பாலம்மாவை ஒரு தடவை பார்த்தான். கோபத்தோடுகூட இல்லை, அவளே சொன்ன பிறகு தன்னிடம் சொல்ல என்ன இருக்கிறது என்கிற மாதிரி. ரொபின்சன் சுவிஸுக்கு அழைப்பு எடுத்துக்கொண்டு பாலை மரத்தடிக்குப் போனார். திரும்பி வந்தபோது முடிவும் வந்துவிட்டது: சனிக்கிழமையோடு பாயிஸ் நிற்க வேண்டும், மண் சுவர் எல்லாவற்றையும் இடித்துவிட்டு சீமெந்துக் கல் வைத்துக் கட்ட வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாயிஸ் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தான். வேலை நின்றுபோன மண்டபத்தில் ஜெயந்தினி ஒரு சாக்கை விரித்துப் படுத்திருந்தாள். ராத்திரி அவள் நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

"தலை சுத்துது அக்கா. கொண்டுவந்த தண்ணியும் முடிஞ்சுபோச்சு."

பாலம்மா நொண்டிக்கொண்டு ஓடிப்போய்க் கிணற்றில் அள்ளி ஒரு பேணி நிறையக் கொண்டுவந்தாள். ஜெயந்தினி ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது. பேணிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, பாலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உப்புப் போட்டுக் கொண்டந்தனீங்களோ? வேர்த்துக் கொட்டேக்க இதுதான் நல்லம். எங்கட அம்மாவும் இப்பிடித்தான், சொல்லாமல் போட்டுத் தருவா."

மிச்சத்தையும் மருந்து குடிப்பதுபோல மூக்கைப் பிடித்துக் குடித்து முடித்தாள். பாலம்மா வெறும் பேணியை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குத் திரும்பினாள்.

வாளியை விட்டு அள்ளினாள். குடித்தாள். நல்லாத்தான் இருந்தது. இன்னொரு வாய். கன்னத்துக்குக் கன்னம் உருட்டினாள். நல்ல தண்ணீர். படிக்கட்டில் கிடந்த சவுக்காரத் துண்டை எடுத்து வாளிக்குள் போட்டு இரண்டு கையாலும் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதந்ததே தவிர ஒரு குமிழ் நுரை வரவில்லை. உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது என்பது இந்தக் கரையில் பாவாடை கட்டத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். வேலைத்தளத்தில் இரண்டு மாதமாகப் பருப்பு அவியாமல் கல்லுக் கல்லாகக் கிடந்ததும், எல்லாருமாகச் சேர்ந்து கடைக்காரனைத் திட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பருப்பு சொல்லியிருக்கிறது, சவுக்காரம் சொல்லியிருக்கிறது. அவள் நாக்கு மட்டும் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு சொட்டாக உப்பு ஏறியிருக்கிறது. நாக்கும் கூடவே நாளுக்கு ஒரு சொட்டாக இறங்கிப் போயிருக்கிறது.

அன்று பின்னேரம் வீட்டில் சின்னராசா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். அவள் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, நம்ம கிணத்துத் தண்ணி உப்பாவா இருக்கு?" என்று கேட்டாள். மனம் கலங்கினால் அவளுக்கு மலைநாட்டுப் பேச்சு வந்துவிடும்.

"நல்லாத்தானே இருக்கு," என்றான் அவன். "என்னா புள்ள, நாக்குக்குக் காய்ச்சலா?"

அவள் சிரிக்கவில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தாள் என்பதை மறைக்கத் தேவையில்லை, யார்தான் யோசிக்கமாட்டார்கள்? ஒருவருக்கும் தெரியாது. ஜெயந்தினியே அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். பாயிஸ் கைவேலைக்காரன், இன்னொரு இடத்தில் பிழைத்துக்கொள்வான். ஆனால் எங்கே? கடல் மணல் அடிக்கிற மேசன் என்று ஒரு தடவை பேர் எடுத்தவனைக் கோழிக்கூடு கட்டவும் கூப்பிடமாட்டார்கள். சொன்னால் இவளுக்கு என்ன மிஞ்சும்? இனி ஒருவரும் கிணற்றடிக்குக் கூப்பிடப் போவதில்லை. நாக்கும் போய்விட்டால் வெறும் மலைநாட்டாள். தேத்தண்ணி கையிலேயே ஆறிப்போனது. முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவளுக்கு அந்த இரண்டு படிகள்தான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தன.

சனிக்கிழமை காலை பாயிஸ் கணக்கு முடிக்கவும் நிற்காமல், தூக்குக்குண்டையும் மட்டக்கோலையும் சாக்கில் சுற்றி மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான். பாலம்மா நேரே போய் முன்சில்லுக்கு முன்னால் நின்றாள்.

"நீ கொஞ்சம் பொறு தம்பி," என்றாள். பிறகு மண்டபத்தைப் பார்த்துச் சத்தமாக, "மிஸ், உங்கட குச்சியைக் கொண்டாங்கோ. மனேச்சரையாவும் வரட்டும்."

ஜெயந்தினி வந்தாள். பின்னால் ரொபின்சனும் வேலையாட்களும் வந்தார்கள். பாலம்மா வாளியை அள்ளிப் படியில் வைத்தாள்.

"வச்சுப் பாருங்கோ."

ஜெயந்தினி மீற்றரை வாளிக்குள் விட்டாள். ஒரு தடவை பார்த்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண்கள் பெரிதாக இருந்தன.

"அக்கா, நேற்று நீங்கள் எனக்குத் தந்த தண்ணி..."

"நான் உப்புப் போடேல்ல மிஸ். கிணத்தில இருந்த உப்புத்தான் அது. நீங்கள் குடிச்ச பிறகுதான் எனக்கே விளங்கினது. எனக்குத் தெரியேல்ல. ஒவ்வொரு நாளும் குடிச்சனான், சத்தியமாத் தெரியேல்ல." பாயிஸைக் கைகாட்டினாள். "மணலில பிழை இல்ல. என்ட நாக்கிலதான் பிழை. இந்தப் பிள்ளையைப் போக விடாதேங்கோ."

ஜெயந்தினி மீற்றரைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே நின்றாள்.

"பிழை எனக்குத்தான்," என்றாள் கடைசியில். "இது என்ட பைக்குள்ளதான் கிடந்தது. உங்களைக் கேட்டாப் போதும் எண்டு இருந்திட்டன். வரேக்க போகேக்க ஒரு வாய் குடிச்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். குடிக்கேல்ல." அவள் ரொபின்சன் பக்கம் திரும்பினாள். "முழங்கால் உயரத்துக்குக் கல்லை எடுத்திட்டு, பவுசர் லொறியில நல்ல தண்ணி கொண்டந்து குழைச்சு வைக்கலாம். மேல் சுவருக்கு ஒண்டும் இல்ல. சுவிஸுக்கு நானே கதைக்கிறன். பாயிஸ் நிற்பார். அவர் இல்லாட்டி நானும் இல்லை."

ரொபின்சன் பாயிஸிடம் போய், "குறை நினையாதையும் பாஸ்," என்றார். அந்த மனுசனுக்கு அவ்வளவு சொல்வதே பெரிய காரியம். பாயிஸ் தலையை ஆட்டினான். சாக்குக் கட்டை அவிழ்த்தான். மெதுவாக அவிழ்த்தான், முடிச்சு இறுகிப்போயிருந்தது.

பாலம்மா கிணற்றடிப் படியில் உட்கார்ந்து சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வெட்கம்தான். ஐம்பது வயதில் ஊருக்கு முன்னால் வெறுங்கையோடு நின்ற வெட்கம். மற்றவர்கள் கலைந்துபோன பிறகு பக்கத்துப் படியில் யாரோ உட்காருவது தெரிந்தது.

"அக்கா, ஒரு பேணி தண்ணி தாங்க," என்றான் பாயிஸ்.

அவள் முகத்தைத் துடைத்துவிட்டு அதே வாளியிலிருந்து அள்ளிக் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான்.

"நல்லாத்தானே இருக்கு!" என்றான். அவளுக்கு அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"நானும்தானே அக்கா ஆறு மாசமாக் குடிக்கிறன்," என்றான் அவன். "எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? நான் இஞ்ச பிறந்தவன். பத்து வயசில, தொண்ணூறில முஸ்லிம்களையெல்லாம் வெளியேத்தேக்க, எங்கட சனத்தோட வெளிக்கிட்டு, குருநாகல்ல இருபது வருசம். திரும்பி வந்தா, பிறந்த ஊர்த் தண்ணி வாயில வைக்க ஏலாது. உப்பு. முதல் கிழமை ஒருத்தருக்கும் தெரியாமப் பின்னுக்குப் போய்த் துப்பினனான். சொந்த ஊர்த் தண்ணியத் துப்புறன் எண்டு நினைக்க அழுகை வரும். பிறகு ஒரு நாள், வேலையால வந்து, பானையில மொண்டு குடிச்சிட்டு நிக்கிறன், உப்பைக் காணேல்ல. எங்க போச்செண்டு தேடிப் பார்க்கிறன், இல்ல. என்ட பொஞ்சாதி உம்மு ஸல்மாவக் கூப்பிட்டுச் சொன்னனான், புள்ள, இண்டைக்குத்தான் நாங்க ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறம் எண்டு."

வெறும் பேணியை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்:

"நீங்க எப்ப வந்து சேர்ந்தீங்க அக்கா?"

பாலம்மாவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும், எண்பத்துமூன்று என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. முகாமிலிருந்து திரும்பி வந்த நாள். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, முற்றம் முழுக்க ஆளுயரத்துக்குப் பற்றை. கிணறு மட்டும் இருந்தது, ஓடுவதற்கு முன் அவள் நாக்குக்கு எப்போதும் கரித்த அதே கிணறு. சின்னராசா பற்றையை வெட்டி வழி எடுத்தான். கயிற்றை விட்டு அள்ளி, வாளியோடு வாயில் வைத்துக் குடித்தாள். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் கிணற்றுக் கட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று வருடம் ஒருவரும் அள்ளாமல் கிடந்ததால் கிணறு தெளிந்து நல்ல தண்ணீராகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தாள். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாயிரத்துப் பத்து, ஆவணி மாசம்," என்றாள். "அண்டைக்கு எங்கட கிணறு இனிச்சது தம்பி."